கொள்முதல் ஷீட்டில் காலி செல்கள்: ஃபார்முலா போட்டு எதுவரை நிரப்பலாம்?

நூல்கட்டு:
வணக்கம் நண்பர்களே. ஈரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் 2025-26 கொள்முதல் முழுவதையும் எக்செல்லில்தான் வைத்திருந்தார், 2,300 வரிசை இருக்கும். தேதியும் பார்ட்டி பெயரும் ஒவ்வொரு பில்லுக்கும் முதல் வரிசையில் மட்டும்தான், அதே பில்லின் அடுத்த ஐட்டங்களுக்கு எதிரே காலி. பல பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லை. சிலவற்றில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது, வரிக்கு முந்திய மதிப்பு இல்லை. 15 பில்லுக்கு பில் நம்பரே இல்லை. திங்கட்கிழமை ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

பேரேடு:
முதலில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசல் ஷீட்டைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம் தேதி, பார்ட்டி பெயர் இந்த இரண்டு காலத்தை (நெடுவரிசையை) மட்டும் செலக்ட் செய்து எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் போய் பிளாங்க்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலி செல்கள் மட்டும் செலக்ட் ஆகும். சமக்குறி அடித்து, மேல் அம்புக்குறியை ஒரு முறை தட்டி, கன்ட்ரோலைப் பிடித்தபடி என்டர் கொடுத்தால் எல்லாமே மேலே இருப்பதை வாங்கிக்கொள்ளும். தொகைக் காலத்தைச் சேர்த்து செலக்ட் செய்துவிட்டால் மேல் பில்லின் தொகை கீழே இறங்கிவிடும், கவனம்.

முடிந்ததும் அந்த இரண்டு காலத்தையும் காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸாக ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு செல்லும் தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து நிற்பதால், ஒட்டாமல் ஒரு முறை சார்ட் செய்து வரிசையை மாற்றினாலே பார்ட்டி பெயர்கள் மாறிப் போகும். நான் ஒரு முறை இப்படி மாட்டி இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன்.

சதவீதம்:
ஜிஎஸ்டி நம்பருக்குத் தனி ஷீட்டில் பார்ட்டி பட்டியல் போட்டு எக்ஸ்லுக்கப் கொடுங்கள், பெயரைத் தேடி அதன் நம்பரைக் கொண்டு வரும் ஃபார்முலா அது. பழைய எக்செல் என்றால் விலுக்கப், கடைசியில் 0 போட மறக்காதீர்கள், போடாவிட்டால் கிட்டத்தட்ட பொருந்தும் வேறு ஆள் நம்பரைக் கொண்டு வந்து வைக்கும். ஒரே பார்ட்டிக்குத் தமிழ்நாட்டில் 33, கர்நாடகாவில் 29 என்று தொடங்கும் இரண்டு பதிவு இருக்கலாம், அப்படிப்பட்ட பெயர்களை மட்டும் கையால் பாருங்கள். பான் வேண்டுமென்றால் தேடவே வேண்டாம், ஜிஎஸ்டி நம்பருக்குள்ளேயே மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தாக இருக்கிறது. நம்பர் சி2 செல்லில் இருந்தால்: =மிட்(சி2,3,10).

வரிக்கு முந்திய மதிப்பில்தான் நிதானம் தேவை. ரெடிமேடுக்கு 2025 செப்டம்பர் 21 வரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12%. 22ஆம் தேதியிலிருந்து 2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. அதனால்தான் தேதியை முதலில் நிரப்பச் சொல்வது, தேதி இல்லாமல் எதால் வகுப்பது என்றே தெரியாது. இன்னொன்று, இந்த வரம்பு வரிக்கு முந்திய விலைக்கு. பழைய விகிதத்தில் வரியோடு சேர்த்து ஒரு பீஸ் 1,050 வரை இருந்தால் 1.05ஆல் வகுக்கலாம், 1,120க்கு மேல் என்றால் 1.12. இரண்டுக்கும் நடுவே ஒரு தொகை வருகிறது என்றால் அதில் வண்டி வாடகையோ வேறு ஏதோ கலந்திருக்கிறது, ஃபார்முலாவை விட்டுவிட்டு பில்லை எடுங்கள். புதிய விகிதத்தில் அந்த இடைவெளி 2,625க்கும் 2,950க்கும் நடுவில்.

வவுச்சர்:
அந்த 15 பில் நம்பரைத் தயவுசெய்து ஃபார்முலாவால் உருவாக்காதீர்கள். மேலே சொன்னதெல்லாம் ஷீட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து கணக்கிட்டு எடுப்பது, பில் நம்பர் அப்படி வராது. உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, பில் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஜிஎஸ்டிஆர் 2பி-யை (பார்ட்டிகள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியல்) இறக்கி, ஜிஎஸ்டி நம்பரும் தொகையும் ஒத்துப்போவது எத்தனை என்று முதலில் கவுன்ட்இஃப்ஸ் போட்டுப் பாருங்கள். ஒன்று என்று வந்தால் அதன் பில் நம்பரை எடுக்கலாம், இரண்டு வந்தால் பார்ட்டிக்குப் போன் செய்துதான் ஆக வேண்டும். பைசா ரவுண்ட் ஆஃப் இருக்கும், ஒரு ரூபாய் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும்படி ஃபார்முலாவை அமையுங்கள்.

கடைசியில் ஒரு காலம் சேர்த்து, நீங்கள் நிரப்பிய ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே "மேல் வரிசையிலிருந்து", "கணக்கிட்டது", "2பி" என்று எழுதுங்கள். நீங்களே போட்டதை பில்லில் இருந்ததாக ஆடிட்டர் நினைத்துவிடக் கூடாது.

நூல்கட்டு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேதி முடிந்தது, ஆனால் பார்ட்டி பெயரில் நாற்பது இடம் நிரம்பவில்லை, பார்த்தால் காலியாகத்தான் தெரிகிறது.

பேரேடு:
உள்ளே ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள், எக்செல் அதைக் காலி என்று எடுக்காது. ட்ரிம் போட்டுப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் வெப்சைட்டிலிருந்து ஒட்டிய ஸ்பேஸ், சப்ஸ்டிட்யூட்டில் கேர்(160) கொடுத்து நீக்குங்கள். நீக்கியதை வேல்யூஸாக ஒட்டிய பிறகும் அந்த செல்லை எக்செல் காலியாக எடுக்காது, ஃபில்டரில் பிளாங்க்ஸ் வைத்து டெலீட் அழுத்திவிட்டுத்தான் எஃப்5 போக வேண்டும்.

நூல்கட்டு:
அதேதான் அண்ணா, சரியாகிவிட்டது. 15 பில்லில் 11 நம்பர் 2பி-யில் கிடைத்தது, இரண்டு மட்டும் ஒரே தொகையில் இரட்டையாக வருகிறது, மீதி இரண்டு பதிவில்லாத பார்ட்டி. நாளைக் காலை நான்கு பேருக்கும் போன் செய்கிறேன்.