ஜூரிக்கு ரெண்டு பக்கம் எழுதணும்: பணிக்கரா, காலண்டரா?

ரெஜிஸ்டர்மார்க்:

எல்லாருக்கும் வணக்கம். பிஎஃப்ஏ பெயின்டிங், மூணாவது வருஷம். அடுத்த மாசம் ஜூரி, அதாவது வாத்தியாருங்க குழுவா உக்காந்து ஒர்க் பாத்து மார்க் போடுறது. இதுவரைக்கும் பண்ண ஒர்க்க எல்லாம் வரிசையா மாட்டிட்டு கூடவே உன் ஓவியத்த பத்தியும் இன்ஃப்ளூயன்ஸ் பத்தியும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுன்னுட்டாங்க. நாலு நாளா உக்காந்திருக்கேன், ஒரு பாரா தாண்டல.

ஃபர்ஸ்ட் இயர்ல நான் போட்டது எல்லாமே இளையராஜா காப்பி. இசை இல்லங்க, 2021ல கொரோனால போயிட்டாரே கும்பகோணம் பக்கத்து ஓவியர், அவரு. ஜன்னல் வெளிச்சம், பாவாடை தாவணி, பித்தளைக் குடம். எங்க கிளாஸ்ல பாதிப்பேர் அதத்தான் போட்டோம். குடத்துல விழுற வெளிச்சத்துக்கு மட்டும் மூணு வாரம் எடுத்தேன், குடம் சூப்பரா வந்துச்சு, பக்கத்துல நின்ன பொண்ணு ஜவுளிக்கடை பொம்மை மாதிரி ஆயிட்டா. செகண்ட் இயர் ஆதிமூலம் பைத்தியம். அவரோட காந்தி கோட்டோவியம் பாத்து இங்க் வாங்கினேன், அப்புறம் கலர்ல பண்ண அப்ஸ்ட்ராக்ட் பாத்து நைஃப் வாங்கினேன், கேன்வாஸ்க்கு காசில்லாம காடாத் துணில ஃபெவிகாலும் ஒயிட்டிங் பவுடரும் கலந்து அடிச்சு அதுமேல இழு இழுன்னு இழுத்தேன். நிறம் அவரோடது, கை மட்டும் என்னோடது.

இந்த வருஷம் வேற மாதிரி ஆச்சு. எனக்கு சிவகாசி. அம்மா காலண்டர் கம்பெனில தகரம் அடிக்கிற வேலை. சின்னதுல ஸ்கூல் புக்குக்கு பிரவுன் ஷீட்டெல்லாம் கிடையாது, பிரஸ் வேஸ்ட்லதான் அட்டை. ஆறாங்கிளாஸ் கணக்கு புக்கு அட்டை இப்பவும் கண்ணுல நிக்குது, முருகன் மேல பட்டாசு பாக்ஸ் லேபிள், அதுமேல ஏதோ ஒரு நகைக்கடை அட்ரஸ் தலைகீழா, முருகன் மூக்குக்குப் பக்கத்துல நீலமா இன்னொரு மூக்கு. கணக்க கவனிக்காம அதத்தான் பாத்துட்டு இருப்பேன். அந்த ஞாபகத்துல நாலு கேன்வாஸ் பண்ணிருக்கேன், போட்டோ போட்டிருக்கேன் பாருங்க.

ஒரு சார் வந்து பாத்தாரு, "என்னம்மா, காலண்டர் மாதிரி இருக்கு"ன்னுட்டு போயிட்டாரு. ஆர்ட் காலேஜ்ல காலண்டர்னு சொன்னா அது திட்டுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும். காலண்டர்லருந்துதான் சார் வர்றேன்னு சொல்லணும்னு எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தோணுச்சு.

என் ஃப்ரெண்டு என்ன சொல்றான்னா, உன் கேன்வாஸ்ல எழுத்து இருக்கு, பேசாம ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோட "வார்த்தைகளும் குறியீடுகளும்" சீரிஸ்தான் இன்ஸ்பிரேஷன்னு எழுதிரு, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு. சென்னை பக்கத்துல ஓவியர்கள் கிராமம் சோழமண்டலம் போனப்போ பணிக்கர் ஒர்க் பாத்திருக்கேன், பிடிச்சுது. ஆனா அது என் கணக்கு புக்கு இல்லையே. என்ன எழுதட்டும்?

டர்பன்டைன் வாசம்:

தம்பி, ஓவரா யோசிக்காத. ஜூரில உக்கார்றவங்களுக்கு பேரு வேணும். பணிக்கர், 1963ல ஆரம்பிச்ச சீரிஸ், ஜாதகக் கட்டம், புரியாத எழுத்து, மெட்ராஸ் மூவ்மென்ட், முடிஞ்சுது. மார்க்க வாங்கிட்டு வெளிய வந்து உன் முருகன போடு. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன், இப்ப ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர்.

பழைய எழும்பூர்:

மேல சொன்னவரு பாஸ் பண்ணிட்டாரு, சந்தோஷம். ஆனா இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவம் வரும், நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கோவில்பட்டி உங்க ஊருக்குப் பக்கம்தானே, கொண்டையராஜுன்னு கேள்விப்பட்டிருக்கியா? 1898ல பொறந்தவரு, 1976ல செத்தாரு. தென்னாட்டுல ரெண்டு மூணு தலைமுறை சாமி கும்பிட்ட லட்சுமி, சரஸ்வதி, முருகன் முகத்துல பாதி அவரும் சுப்பையா, செண்பகராமன் மாதிரி அவரோட சீடப்பிள்ளைங்களும் போட்டது. எங்க படிச்சாருன்னு நினைக்கிற? மெட்ராஸ் ஆர்ட்ஸ் ஸ்கூல்ல. 1850ல ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச அதே இடம், இன்னிக்கு எழும்பூர் கவின் கலைக் கல்லூரி. படிச்சு முடிச்சு ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்து, நாடகத்துக்கு சீன் படுதா வரைஞ்சு, அப்புறம் கோவில்பட்டில உக்காந்துட்டாரு. காலண்டர்னு நாம திட்டுற சாமானே நம்ம ஸ்கூல் வாசல்லருந்து கிளம்பிப் போனதுதான். சோழமண்டலம் 1966ல வந்தப்போ அங்க இருந்தவங்க பாத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் போடுறது) வித்துத்தான் பெயின்டிங் பண்ணாங்க, அதையும் அப்ப சிலபேர் கைத்தொழில்னு முகம் சுளிச்சிருப்பாங்க.

இப்ப உன் பக்கம் வர்றேன். கொண்டையராஜு பேர வச்சுக்கிட்டு தப்பிச்சிராத. போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். மூணாவது கேன்வாஸ்ல அந்த ரெண்டாவது மூக்க எவ்வளவு பத்திரமா வரைஞ்சிருக்க பாரு. ஷீட்ல அது மிஷின் பண்ண தப்பு, நீ அத ஜீரோ பிரஷ்ஷால அவுட்லைன் போட்டு அழகா வரைஞ்சிட்ட. தப்ப வரைஞ்சா தப்பு போயிருது. முதல் கேன்வாஸ் சின்னது ஒண்ணு, மஞ்சளும் பாதி மெஜந்தாவும் மட்டும் விழுந்து முகம் இன்னும் வராம நிக்குதே, அது நல்ல ஒர்க். உன் சார் அத பாத்தாரா?

ரெஜிஸ்டர்மார்க்:

அது முடிக்காமப் போட்டது சார், பெயின்ட் தீந்துருச்சு. 🙈 அப்புறம் டர்பன்டைன் அண்ணே, தம்பி இல்ல, தங்கச்சி.

நாலுகலர்:

நானும் சிவகாசிதான்மா, இருபத்திரெண்டு வருஷமா ஆப்செட்டுல மிஷின்மேன். ஓவியம்லாம் எனக்குத் தெரியாது, ஷீட் தெரியும். உங்க கணக்கு புக்கு அட்டை மேக்ரெடி ஷீட். பிளேட் மாட்டி ஓட்ட ஆரம்பிச்சா முதல்ல இங்க்கும் தண்ணியும் செட் ஆகாது, ரெஜிஸ்டரும் நிக்காது, அதாவது ஒரு கலர் மேல இன்னொண்ணு சரியா உக்காராது. அதுக்கு புது ஆர்ட் பேப்பரப் போட்டா முதலாளி கத்துவாரு, அதனால பழைய வேஸ்ட்டையே திருப்பி விடுவோம். முருகன் ஜாப்ல ஓடுன ஷீட்டு பட்டாசு லேபிள்ல ஓடும், அது நகைக்கடைல ஓடும். ஒருநாள் லட்சுமி கையில ஷாம்பு பாட்டில் வந்து நின்னுச்சு, நாங்க எல்லாரும் சிரிச்சோம், யாரும் எடுத்து வைக்கல. இப்ப நீங்க சொல்றப்போ எடுத்து வச்சிருக்கலாம்னு இருக்கு.

அப்ப ஒரே கலர் மிஷின், நாலு தடவ தனித்தனியா ஓட்டணும். நடுவுல மழை பெஞ்சு பேப்பர் ஈரம் குடிச்சா இழுத்துக்கும், அடுத்த கலர் தள்ளி உக்காரும், அதுதான் உங்க நீல மூக்கு. நம்ம ஊர்ல பிரஸ்ஸும் தீப்பெட்டியும் தழைச்சதுக்கு வறண்ட வெயிலும் ஒரு காரணம். இப்ப நாலு கலரும் ஒரே ஓட்டத்துல வந்துருது, அந்த மாதிரி ஷீட்டு கொறஞ்சு போச்சு.

ஒண்ணு கேக்கணும். உங்க படத்துல ஓரம் எங்க? உங்க பேரே ரெஜிஸ்டர்மார்க், கலர் சரியா உக்காருதான்னு பாக்க ஷீட் ஓரத்துல போடுற குறி, படத்துல அப்படி ஒரு மார்க் இல்ல. ஓரத்துல கலர் பார், இங்க் அளவு பாக்க அடிக்கிற கலர் பட்டை, எத்தன அடுக்கு விழுந்திருக்குன்னு எண்ணுனா ஷீட்டு எத்தன தடவ ஓடிச்சுன்னு ஓரளவு சொல்லிரலாம். எங்களுக்கு படத்தவிட ஓரம்தான் முக்கியம். நீங்க கட்டிங் போன மாதிரி சுத்தமா வரைஞ்சிருக்கீங்க.

குப்பைமேடு:

டெக்னிக்கலா மட்டும் சொல்றேன். போட்டோல நீலம் மேல மஞ்சள் விழுந்த இடம் பச்சையாகாம அழுக்காயிருக்கு. காட்மியம் மஞ்சள்ல வெள்ளை கலந்தீங்களா? காட்மியமே மூடுற கலர், கீழ உள்ளத தின்னுரும். பிரின்டிங் இங்க் கண்ணாடி மாதிரி, அதனாலதான் மேல மேல விழுந்தாலும் எல்லாம் தெரியுது. தாலோ ப்ளூ, குயினாக்ரிடோன் மெஜந்தா, ஹன்சா யெல்லோ மூணு போதும். நல்ல ட்யூப்ல சின்ன சதுரம் போட்டிருப்பாங்க, காலியா இருந்தா ட்ரான்ஸ்பரன்ட், நிறைஞ்சிருந்தா மூடும். ஆயில்ல ஒவ்வொரு லேயரும் காயணும், ஒரு மாசத்துல ஆகாது. அக்ரிலிக்ல கிளேசிங் மீடியம், கலர கண்ணாடி மாதிரி மெல்லிசாக்குறது, போட்டு அடிங்க. வெள்ளைய தொடாதீங்க, அது கேன்வாஸ்லருந்தே வரட்டும்.

ரெஜிஸ்டர்மார்க்:

நாலுகலர் அண்ணே, அந்த ஓரம் விஷயம் படிச்சிட்டு ரெண்டு நாளா தூக்கம் வரல. மூணு வருஷமா எதையோ தேடிட்டு இருக்கேன், ஓரத்த நானே வெட்டிப் போட்டிருக்கேன். கொண்டையராஜு பத்தி எங்க கிளாஸ்ல ஒரு வார்த்தை வந்ததில்ல சார், லைப்ரரில தேடிட்டு இருக்கேன்.

மூணாவது கேன்வாஸ சட்டத்துலருந்து பிரிச்சு திருப்பி மாட்டப் போறேன், காடா ஓரம் நாலு விரக்கடை வெளிய தெரியிற மாதிரி. முடிக்காத அந்தச் சின்னத முதல்ல மாட்டுறேன். குடமும் மாட்டுறேன், மறைக்கல. ரெண்டு பக்கத்துல அரைப் பக்கம் வந்துருச்சு, ஆறாங்கிளாஸ் அட்டைலருந்து ஆரம்பிக்குது, பணிக்கர் ஒரு வரில வர்றாரு.

நேத்து அம்மாவுக்கு போன் போட்டு வேஸ்ட் ஷீட் ஒரு கட்டு பஸ்ஸுல போட்டு விடுங்கன்னு சொன்னேன். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வரணும், தலைக்கு மேல வேலைன்னு மொதல்ல சலிச்சுக்கிட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, "பாப்பா, கறை படாததா, நல்லா தெளிவா விழுந்ததா பாத்து எடுத்து வச்சிருக்கேன், காலேஜுக்குக் கொண்டுபோற சாமான்ல"ங்கிறாங்க.

ஐயோ அதெல்லாம் வேணாம்மா, மோசமானதா எடுங்கன்னு புரிய வைக்கிறதுக்குள்ள பேலன்ஸ் தீந்துருச்சு.