நாய் உலவும் கொல்லையில் பாலைவன ஆமையை வளர்க்கலாமா?

கேள்வி (சாண்ட்லர், அரிசோனா)

அனைவருக்கும் வணக்கம். அரிசோனா மாநில வனவிலங்குத் துறையின் தத்தெடுப்புத் திட்டத்தின் வழியாக ஒரு சொனோரா பாலைவன ஆமையை வளர்க்க விண்ணப்பிக்கலாம் என்று நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். கொல்லையைச் சுற்றி ஆறடி உயரக் கான்கிரீட் கல் சுவர் இருக்கிறது. நீச்சல் குளம் இல்லை. எங்களிடம் ஒரு லாப்ரடார் நாய் உண்டு. மிகவும் சாதுவானது, பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட விரட்டியதில்லை. நாயைப் பழக்கிவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் உலவலாமா, அல்லது ஆமைக்குத் தனி அடைப்பு கட்டாயம் வேண்டுமா? சுவரோரம் அரளிச் செடிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றால் தீங்கு நேருமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (டூசான்)

தனி அடைப்பு கட்டாயம் வேண்டும். நாய் சாதுவானதா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு, அதன்மேல் நகம் போன்ற ஒரு மெல்லிய படலம் மட்டுமே இருக்கிறது, ஆகவே மனிதரிடமும் பூனையிடமும் அன்பாகப் பழகும் நாய்கூட அதைக் கடித்து விளையாடும் பொருளாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

இரண்டடி உயரமுள்ள கான்கிரீட் கல் சுவர் ஆமையை உள்ளே நிறுத்தும். ஆனால் உங்கள் லாப்ரடார் அதை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால், அதன்மேல் நாய் தாவ முடியாத உயரத்துக்குக் கம்பி வேலி வேண்டும். கீழ்ப்பகுதிக்குக் கம்பி வலை ஆகாது. மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆமை அந்தப் பக்கம் போக நாள் முழுதும் முட்டி மோதிக் காயப்படுத்திக்கொள்ளும். அடித்தளம் மண்ணுக்குள் ஓரடியாவது இறங்கட்டும். இரண்டுமே தோண்டும் பிராணிகள்.

வளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோடையின் கொடும் வெப்பத்திலிருந்து ஆமையைக் காப்பது அதுதான். பக்கங்களில் கான்கிரீட் கற்கள், மேலே கனமான பலகை, அதன்மேல் ஓரடிக்குக் குறையாத மண் என்று கட்டி, மழைக்காலத்துத் தண்ணீர் உள்ளே புகாதபடி வாயிலைச் சற்று மேடாக வைக்க வேண்டும். ஏறக்குறைய அக்டோபர் முடிவிலிருந்து மார்ச் வரை ஆமை அதற்குள் உறங்கும். அந்த மாதங்களில் நாய் வளையைத் தோண்டினால் விலகி ஓடவும் அதற்குத் தெம்பு இராது.

அரளி நச்சுச்செடி, ஆமைக்கு மட்டுமல்ல, உங்கள் நாய்க்கும் ஆகாது. அடைப்புக்குள் அதன் உதிர்ந்த இலைகூட விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அருகம்புல், சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை ஆகியவை நல்ல உணவு. நாய்த் தீனியில் புரதம் மிகுதி என்பதால் அந்தக் கிண்ணத்தை ஆமை எட்டவே கூடாது.

பதில் (மேசா)

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனாலும் எல்லா வீடுகளுக்கும் இது பொருந்துமா என்று தெரியவில்லை. எங்கள் வயதான நாய் ஆமையை முகர்ந்து பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்; இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. நாங்கள் கூடவே நிற்கும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக விடுகிறோம்.

பதில் (பீனிக்ஸ்)

கால்நடை மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நாய் கடித்த ஆமைகளைக் கொண்டுவருபவர்களில் பலரும் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லித் தொடங்குவார்கள். ஆகவே மேசா நண்பரின் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடிக்காமல் வாயில் கவ்வித் தூக்கினாலே போதும். பாலைவன ஆமை தன் சிறுநீர்ப்பையைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிறது. அஞ்சினால் அதை முழுவதும் வெளியேற்றிவிடும். வறண்ட மாதங்களில் அந்த இழப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். நாய் புரட்டிப்போட்டு விட்டுப்போன ஆமை வெயிலில் மல்லாந்து கிடந்தால் விரைவில் இறந்துவிடும். ஓட்டில் சிறு பல் தடம் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாயின் வாயிலுள்ள கிருமிகள் எலும்புக்குள் இறங்கும், ஈ மொய்த்தால் புழு வைக்கும், ஓடு ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆமையின் சாணத்தில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்பதால் நாய் அதைத் தின்னாமல் இருப்பதும் நல்லது.

விண்ணப்பிக்கும் முன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்த ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது; இதை மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடம் தருவதில்லை. காட்டில் விடுவதற்கும் அனுமதி இல்லை, ஏனெனில் வளர்ப்பு ஆமையிடமிருந்து மூச்சுக்குழல் நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும். வேலை மாறி வேறு மாநிலம் போக நேர்ந்தால் அதைத் துறையின் வழியாகவே வேறு வீட்டுக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும். நம்மவர்களில் பலருக்கு இடமாற்றம் வருவது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கேட்டவர்

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. கொல்லையின் கிழக்குப் பகுதியை நாய் நுழைய முடியாதபடி தனியே பிரித்து, அங்குள்ள அரளியை வேரோடு எடுத்துவிட முடிவுசெய்திருக்கிறோம். ஒரே ஐயம்: அடைப்புக்கு வாயில் வைத்தால் அதன் அடியில் இடைவெளி விழுமே, அதை எப்படி மூடுவது?

பதில் (டூசான்)

வாயிலைத் தரையிலிருந்து தொடங்காதீர்கள். சுவரை இரண்டடிக்கும் இடைவெளியின்றி ஓடவிட்டு, அதற்கு மேலுள்ள வேலியில் மட்டும் கதவு வையுங்கள். நீங்கள் சுவரைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போகலாம். தானாகச் சாத்திக்கொள்ளும் வில் பொருத்தினால், குழந்தைகள் மறந்து திறந்துவிட்டாலும் நாய் நுழையாது.