பல் கிளிப்புக்குப் போட்ட ஸ்க்ரூ ஆடுகிறது, யாராவது சொல்லுங்கள்

கம்பிப்பல்:
அவசரம். கிளிப்பில் பல்லைப் பின்னால் இழுக்க ஈறு வழியாகத் தாடை எலும்பில் சின்ன ஸ்க்ரூ போட்டார்கள். ஆடுகிறது, விரல் வைத்தாலே தெரிகிறது. இதே இடத்தில் முன்பு போட்டதும் கழன்று விழுந்தது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். என் எலும்பு பலவீனமா? கால்சியம் மாத்திரை போடலாமா?

மல்லிக்கொடி:
மேலேயா கீழேயா? போட்டு எத்தனை நாள்? சீழ், வீக்கம் உண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

தெற்குவாசல்:
சிகரெட் உண்டா? என் அண்ணனுக்கு இரண்டு முறை கழன்றது. அவர் நிறையப் பிடிப்பார். நிறுத்திய பிறகு போட்டது நின்றது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

பழையகணக்கு:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். எலும்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பிடிப்பு. தேக்கில் ஸ்க்ரூ நிற்கும், முருங்கைக் கட்டையில் நிற்காது. எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார்.

பல்மாணவி:
பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படிக்கிறேன். மேலே சொன்னது பாதிதான் சரி. எலும்பின் கெட்டியான வெளி அடுக்கு 1 மி.மீ.க்கும் மெலிந்தால் பிடிப்பு குறையும், உண்மை. ஆனால் கெட்டியான கீழ்த்தாடையில்தான் ஸ்க்ரூ அதிகம் தோற்கிறது. துளையிடும்போது சூடேறி எலும்பு கருகலாம். உறுதியான ஈறு அங்கே குறுகலாக இருப்பதால் தளர்ந்த சதையில் ஸ்க்ரூ அமைந்துவிடும், சுற்றிலும் அழற்சி வரும்.

பழையகணக்கு:
அப்படியானால் ஆசாரி சொல்வது பொய்யா?

பல்மாணவி:
தேக்கில் துளை போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும் என்பதையும் அதே ஆசாரிதான் சொல்வார். 2006-இல் மோட்டோயோஷி என்பவரின் ஆய்வுக் குழு 1.6 மி.மீ. விட்டமுள்ள ஸ்க்ரூவுக்குப் பரிந்துரைத்த முறுக்குவிசை 5 முதல் 10 நியூட்டன்-சென்டிமீட்டர். குறைந்தால் தளர்வு, கூடினால் எலும்பு நசுங்கும்.

பழையகணக்கு:
ஒரு குழு சொன்னதை எல்லா எலும்புக்கும் பொருத்த முடியாது. வயது, ஸ்க்ரூவின் விட்டம், போடுபவரின் கை எல்லாம் உண்டு.

பல்மாணவி:
அதை நான் மறுக்கவில்லை. எலும்பு மட்டுமே காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

மல்லிக்கொடி:
உங்கள் வாதம் இருக்கட்டும், கேட்டவர் எங்கே?

கம்பிப்பல்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கீழே இடது பக்கம், கடைவாய்ப்பல்லுக்கும் அதற்கு முந்தைய பல்லுக்கும் நடுவில். 18 நாள் ஆகிறது. வயது 24. சிகரெட் இல்லை, சீழ் இல்லை. கடித்து மெல்லும்போது மட்டும் அந்தக் கடைவாய்ப்பல்லில் கூச்சம்.

பல்மாணவி:
அந்தக் கூச்சம்தான் முக்கியம். ஸ்க்ரூ வேரைத் தொட்டோ மிக ஒட்டியோ இருக்கலாம். மெல்லும் ஒவ்வொரு முறையும் பல் துளி அசையும், அந்த அசைவு ஸ்க்ரூவுக்குப் போகும், ஆடி ஆடித் தளர்ந்துவிடும். அதே இடத்தில் இரண்டாவது முறை என்பதால் சந்தேகம் கூடுகிறது. எக்ஸ்ரே கேளுங்கள். முதல் சில வாரங்களில் எலும்பு புதுப்பிக்கப்படுவதால் பிடிப்பு எப்படியும் கொஞ்சம் இறங்கும், அதனால் லேசான ஆட்டம் என்றால் இழுவையைக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களே திருகி இறுக்க வேண்டாம். கால்சியம் இதற்கு உதவாது. அதுவரை மென்மையான பிரஷ்ஷால் சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள், அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். நன்றாக ஆடினால் திங்கள் வரை காத்திருக்காமல் வேறு டாக்டரிடம் காட்டுங்கள், கழன்றால் விழுங்கிவிடக் கூடும்.

தெற்குவாசல்:
அண்ணனுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்கிறேன். நான் சிகரெட் என்றே நினைத்திருந்தேன்.

கம்பிப்பல்:
போய் வந்தேன். எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி இருந்தது. எடுத்துவிட்டார், வேருக்குச் சேதம் இல்லையாம். அடுத்தது வேறு இடத்தில். நன்றி எல்லோருக்கும்.

புதுவாசகி:
எங்கே போடப் போகிறார்கள்? எனக்கும் இதே இடம், இதே கூச்சம்.