உங்கள் போனில் முதலில் போனது எது?

கோண்டாவில்

எங்கள் வீட்டு மேசை லாச்சி முழுக்கச் செத்துப்போன போன்கள். ஒன்றின் டிஸ்பிளேயில் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு. ஒன்றின் பற்றரி ஊதி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றில் சார்ஜ் ஏறாது. எதுவும் கிணற்றுக்குள் விழவில்லை, றோட்டில் அடிபடவும் இல்லை. கவர் போட்டு ஒழுங்காகப் பாவித்தவை.

அம்மாவிடம் இருப்பது நோக்கியா 1100. 2003இல் வந்த மாதிரி. உலகம் முழுக்கச் சுமார் 25 கோடி விற்றது. பொத்தான்கள் எல்லாம் ஒரே றப்பர் விரிப்பில் இருப்பதால் தூசி உள்ளே இறங்காது. உச்சியில் ரோச் லைட். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய 2022இல் எங்கள் அடுப்படிக்கு வெளிச்சம் அதுதான். சீமெந்து நிலத்தில் விழுந்தால் மூடி ஒரு பக்கம், பற்றரி ஒரு பக்கம் போகும். பொறுக்கிப் பூட்டினால் திரும்ப வேலை செய்யும்.

உங்கள் போன்கள் எதனால் போயின என்று எழுதுங்கள். எத்தனை வருடம் உழைத்தது என்பதைவிட, எந்தப் பாகம் முதலில் போனது என்று சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

குருநகர்

எங்கள் பக்கம் முதலில் போவது சார்ஜிங் பின், அதாவது சார்ஜர் வயர் செருகும் இடம்தான். வீட்டில் எல்லோரும் கடற்றொழில். போன் தண்ணீரில் விழவே தேவையில்லை, உப்புக்காற்றும் ஈரக் கையும் போதும். அந்தப் பின் பச்சை பிடித்துக் கறுத்துவிடும்.

அண்ணா ஆசைப்பட்டு, தண்ணீர் போகாது, ஐபி68 (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தாங்கும் தர அளவு) என்று சொல்லி விற்ற போனை வாங்கினார். கடல் தண்ணீர் தெறித்து அது நின்றபோது கடைக்காரர் உள்ளே சிவந்திருந்த அடையாளத்தைக் காட்டி, தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அந்த ஐபி68 தரத்துக்கான சோதனையை நன்னீரில்தான் செய்வார்களாம், உப்புத்தண்ணீருக்கு அது பொருந்தாதாம். இதை விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. கடலை நம்பிச் சீவிக்கிற ஊரில் அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

இப்போது அண்ணா கடலுக்குக் கொண்டுபோவது பொலித்தீன் பையில் சுற்றிய பட்டன் போன்.

யாழ் நகரம், போன் திருத்துபவர்

கோண்டாவில் தங்கச்சி, முதலில் ஒன்று. ஊதிய பற்றரியை லாச்சிக்குள் வைக்காதீர்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், சார்ஜில் போடவே வேண்டாம். தீப்பிடிக்கக்கூடியது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வெளியே வைத்து, கெதியாய் ஒரு கடையில் கொடுத்துவிடுங்கள்.

பழைய போன் விழுந்ததும் கழன்றது நல்லதற்குத்தான். அடி பிரிந்து போய்விடும். சின்ன ஸ்கிரீன், அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடி. இப்போது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பல மாதிரிகளில் பின்பக்கமும் கண்ணாடி. கண்ணாடியின் தரம் கூடியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது ஓரம்வரை வந்துவிட்டதால் மூலையில் ஒரு அடி விழுந்தாலே வெடித்துவிடுகிறது.

இருந்தாலும் என் மேசைக்கு வருகிறவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்: பழுதாவது பெரிய குறை இல்லை, திருத்த விடாமல் செய்து வைத்திருப்பதுதான் குறை. லிதியம் பற்றரி எப்படியும் தேயும். சூட்டில் வைத்தால், எந்நேரமும் நூறு வீதத்தில் வைத்தால், இன்னும் கெதியாய்த் தேயும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது தப்பாது. முன்பு பற்றரி போனால் நகத்தால் மூடியைக் கழற்றிப் புதிதாய் ஒன்றைப் போடுவீர்கள். இப்போது போனைச் சூடாக்கி, பசையை இளக்கி, கண்ணாடி உடையாமல் மெல்ல நெம்ப வேண்டும். கூலி அதற்குத்தான் போகிறது. சில போன்களில் புதுப் பாகம் போட்டாலும் அது தெரியாத பாகம் என்று திரையில் அறிவித்தல் வரும். பாவம், சனம் பயந்துபோய்த் திரும்ப வருவார்கள்.

தண்ணீர் போகாமல் இருக்க ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பார்கள். 2014இல் வந்த சாம்சங் கலக்ஸி எஸ்5ஐப் பாருங்கள். பின்மூடியைக் கையால் கழற்றலாம், பற்றரியை மாற்றலாம், ஐபி67 தரமும் இருந்தது. அடுத்த வருடம் வந்த எஸ்6இல் மூடியும் கழறாது, அந்தத் தரமும் இல்லை. செய்ய முடியாமல் விட்டது இல்லை அது.

2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியபோது டிஸ்பிளே விலைகள் எங்கேயோ போயின. விலையைக் கேட்டுவிட்டு, பிள்ளை ஒன்லைனில் படித்த போனை ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு திரும்பிய தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான்.

மானிப்பாய்

எனக்குக் கமெரா. மோட்டார் சைக்கிள் கைபிடியில் போனைப் பூட்டிச் சாமான் விநியோகத்துக்கு ஓடுகிறேன். கொஞ்சக் காலத்தில் படம் எல்லாம் நடுங்கத் தொடங்கியது. பிறகுதான் அறிந்தேன், கமெராவுக்குள் ஆட்டத்தைச் சரிசெய்யும் நுண்ணிய பகுதி ஒன்று உண்டு, எஞ்சின் அதிர்வில் அது கெட்டுப்போகலாம். ஆப்பிள் நிறுவனமே 2021இல் பெரிய எஞ்சின் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி இப்படி எச்சரித்திருக்கிறது. எங்கள் குறுக்கு ஒழுங்கைகளில் எஞ்சினோடு பள்ளமும் சேர்ந்து ஆட்டும். இப்போது போன் சட்டைப் பைக்குள்.

சுன்னாகம்

எங்கள் வீட்டில் ஒரு பாகமும் போகவில்லை. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. மகன் ரொறன்ரோவில். அவனோடு முகம் பார்த்துக் கதைக்க என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் ஒன்றுதான் வேணும். ஒருநாள் அது, இந்தப் போனில் இனி இயங்காது என்று சொல்லிவிட்டது. ஆண்ட்ராய்டு பழசாம், அதற்கு மேல் ஏற்றவும் முடியாதாம். நல்ல போன் சும்மா கிடக்கிறது. எழுபது தாண்டிய மனிசன் மகனைப் பார்க்கப் புதுப் போனுக்குக் காசு சேர்க்க வேண்டியதாய்ப் போச்சு.

யாழ் நகரம், போன் திருத்துபவர்

அக்கா, இதற்கு என் கையில் மருந்து இல்லை. சட்டத்தால்தான் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் புது மாதிரிகளுக்கு விதி வந்திருக்கிறது. பற்றரி 800 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 80 வீதம் தாங்க வேண்டும். அந்த மாதிரியை விற்று நிறுத்திய பிறகும் 7 வருடம் முக்கிய பாகங்கள் கிடைக்க வேண்டும், மென்பொருள் புதுப்பிப்பு குறைந்தது 5 வருடம். 2027 பெப்ரவரியில் இருந்து, சில விலக்குகளோடு, பாவிப்பவரே பற்றரியைக் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அங்கே விற்கும் மாதிரிகள் சில இங்கேயும் வரும் என்பதால் எங்களுக்கும் கொஞ்சம் நன்மை உண்டு. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று நாங்கள் கேட்க வேண்டும்.

குருநகர்

அண்ணை, எங்களைப் போல கடற்கரையில் இருக்கிறவர்கள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

யாழ் நகரம், போன் திருத்துபவர்

சார்ஜிங் பின் தனிச் சின்னப் போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்று திருத்துபவரிடம் கேளுங்கள். தனிப் போர்ட் என்றால் அதை மட்டும் மாற்றிவிடலாம், செலவும் குறைவு. விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். அப்புறம், அந்த மாதிரிக்கு டிஸ்பிளேயும் பற்றரியும் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் இப்போதே கிடைக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் விசாரியுங்கள். கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்றால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.