ஆன்லைனில் வாங்கிய கேரம் போர்டில் ரீபவுண்டே இல்லை: திருப்பி அனுப்பிவிட்டுக் கடையில் வாங்கலாமா?

வண்ணை_அம்மா:
வணக்கம். என் மகள் எட்டாவது படிக்கிறாள், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளப்பில் கேரம் பழகுகிறாள். செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த பிறகு எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளைக் கிளப்புக்கு அனுப்பத் தயங்குவது ரொம்பவே குறைந்திருக்கிறது. இவளும் மாவட்டப் போட்டிக்குப் போகணும் என்கிறாள். வீட்டிலும் பழகட்டும் என்று ஆன்லைனில் ஒரு போர்டு வாங்கினேன். "ஃபுல் சைஸ் 32 இஞ்ச்" என்று போட்டிருந்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பும்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது. காயினும் ஒரு மூலைப் பக்கம் தானாக ஒதுங்குகிறது. கிளப்பில் சுலபமாக விழுகிற கட் (காயினின் ஓரத்தில் தட்டிச் சாய்வாக அனுப்புகிற அடி) இங்கே பாக்கெட் ஓரத்தில் இடித்து நின்றுவிடுகிறது, "இதுல ஆடினா என் கை கெட்டுப்போயிடும்மா" என்று அழாத குறையாகச் சொல்கிறாள். திருப்பி அனுப்ப இந்த வாரம்வரைதான் நேரம். கடையில் விசாரித்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். பவுடர் மாற்றினால் சரியாகுமா, இல்லை போர்டையே மாற்றணுமா?

காசிமேடு_ரெட்:
அக்கா, முதலில் ஒரு டேப் எடுத்து உள்பக்கம் அளந்து பாருங்க. கட்டையை விட்டுவிட்டு, காயின் ஓடுகிற பலகையை மட்டும். போட்டி போர்டில் அது 73.5-இலிருந்து 74 சென்டிமீட்டர், அதாவது சுமார் 29 இஞ்ச் இருக்கணும். ஆன்லைனில் போடுகிற 32 பெரும்பாலும் வெளிக்கட்டையோடு சேர்த்த அளவு. அப்படியே போர்டுக்கு அடியில் பாருங்க, பலகை எத்தனை மில்லிமீட்டர், குறுக்கே சட்டம் அடித்திருக்கிறார்களா என்று சொல்லுங்க.

வண்ணை_அம்மா:
அளந்தேன். உள்ளே 27 இஞ்ச்தான் வருகிறது, கட்டை ஒவ்வொரு பக்கமும் இரண்டரை இஞ்ச். பலகை 4 மில்லிமீட்டர் என்று பெட்டியிலேயே இருக்கிறது. அடியில் சட்டம் எதுவும் இல்லை, நடுவில் விரலால் அழுத்தினால் கீழே இறங்குகிறது.

காசிமேடு_ரெட்:
அப்போ பவுடரில் ஒன்றும் ஆகாது. திருப்பி அனுப்பிவிடுங்க. இரண்டு இஞ்ச் குறைந்தால் எல்லா ஆங்கிளும் மாறிவிடும். வீட்டில் ஒரு கணக்கில் டபுள் (கட்டையில் பட்டுத் திரும்பி வருகிற அடி) அடித்துப் பழகிய கை, கிளப்பில் வேறு கணக்கில் அடிக்கணும். பாப்பா சொன்னது ரொம்பச் சரி, அந்த வயதிலேயே அதைக் கண்டுபிடிக்கிறாள் என்றால் ஆட்டத்தைக் கவனித்து ஆடுகிறாள்.

ரீபவுண்ட் இல்லாததற்கும் பலகைதான் காரணம். போட்டிக்கு குறைந்தது 8 மில்லிமீட்டர் பிளைவுட் வேண்டும், நல்ல போர்டுகள் அதைவிடத் தடிமனாகவே வரும். மெல்லிய பலகையில் அடி விழும்போது பலகையும் கட்டையும் சேர்ந்து அதிர்ந்து வேகத்தைக் குடித்துவிடும். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை பேஸ் லைனிலிருந்து முழு வேகத்தில் அடித்தால் மூன்றரை முறை போய்த் திரும்பணும், அதுதான் விதி. கடையில் வாங்குவதாக இருந்தால் ஸ்டாண்டில் வைத்து அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க.

புளியந்தோப்பு_தச்சன்:
ஒரு மூலைக்குக் காயின் ஒதுங்குவது வேறு பிரச்சினை, பலகை வளைந்திருக்கிறது. மூலைக்கு மூலை நூலை இறுக்கிப் பிடியுங்க, நூலுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி. தரை சரியில்லையோ என்று சந்தேகம் இருந்தால் போர்டை அப்படியே கால்வட்டம் திருப்பி வையுங்க: காயின் போர்டின் அதே மூலைக்குப் போனால் பலகை, அறையின் அதே பக்கத்துக்குப் போனால் தரை. லாரியில் மேலே பாரம் ஏற்றி வருகிறதால் இப்படி ஆவது சகஜம், அதனால்தான் நான் போர்டை மட்டும் நேரில் பார்த்து வாங்கச் சொல்வேன். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிறதே, ஒரு ஆட்டோ பிடித்தால் பாப்பாவையே கூட்டிப்போய் அடித்துப் பார்க்கலாம்.

மின்ட்_பாலாஜி:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுக்கவேண்டாம். கடை என்றால் நல்லது, ஆன்லைன் என்றால் மட்டம் என்று கிடையாது. இதே 4 மில்லிமீட்டர் போர்டைக் கடையிலும் அடுக்கி வைத்து "மேட்ச் போர்டு" என்று தலையில் கட்டுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் சுர்கோ, சின்கோ, சிஸ்கா மாதிரி போட்டிக்கென்றே செய்கிற போர்டுகள் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. பலகை தடிமன், உள் அளவு, கட்டை அகலம், ஃபெடரேஷன் அங்கீகாரம், இவ்வளவும் எழுதியிருந்தால்தான் நம்பலாம். வெறும் "ஃபுல் சைஸ்" என்று போட்டால் கிட்டப் போகாதீங்க.

என் கணக்கில் காயினும் பவுடரும் ஆன்லைனில் வாங்கலாம், விலை குறையும். காயின் வந்ததும் தெருமுனை அடகுக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்க: 5-இலிருந்து 5.5 கிராமுக்குள் இருக்கணும். மட்டமான செட்டில் ஒன்று 4, இன்னொன்று 6 என்று வரும், கறுப்பு ஒரு மாதிரி ஓடும், வெள்ளை ஒரு மாதிரி ஓடும், பிள்ளை தன் அடிதான் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

கிளப்_கோச்_வடசென்னை:
அக்கா, காசு இடிக்குது என்றால் இதைக் கேளுங்க. பெரிய டோர்னமென்ட் முடிந்ததும் அதில் ஆடிய போர்டுகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது உண்டு. உங்கள் கிளப்பில் சொல்லி வையுங்க. சில ஆட்டம் ஓடிய பலகை புதுசைவிட வழவழப்பாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் பலர் அப்படி வாங்கிய போர்டில்தான் வீட்டில் பழகுகிறார்கள்.

அப்புறம் பவுடர் கட்டி கட்டுவது. நம்ம ஏரியாவில் கடல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம், எவ்வளவு நல்ல போர்டும் ஈரம் இழுக்கும். ஆடுவதற்கு முன்னால் மேலே குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிடுங்க. எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது, பலகை காயாது. ஈரத்துணி படவே கூடாது, காய்ந்த காட்டன் துணியால் துடைத்துவிட்டு போரிக் பவுடரைக் கொஞ்சமாகத் தூவுங்க. முகத்துக்குப் போடுகிற பவுடர் வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்துவிடும். ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீங்க, வெயிலிலும் காயப்போடாதீங்க, இரண்டிலும் பலகை வளையும்.

வண்ணை_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உள் அளவு போட்டோவும், நூல் பிடித்த போட்டோவும் வைத்து அனுப்பினேன், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்துவிட்டது. கிளப்பிலும் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைக்கவில்லை என்றால் சனிக்கிழமை பெரியமேடு. ஒரே ஒரு சந்தேகம்: ஸ்ட்ரைக்கர் ஆன்லைனில் வாங்கலாமா?

காசிமேடு_ரெட்:
ஸ்ட்ரைக்கர் மட்டும் அவள் கையால் எடுக்கட்டும் அக்கா. எடை 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 4.13 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதற்குள் எது தோதுப்படும் என்பது விரலுக்குத்தான் தெரியும். கடையில் நாலைந்து வாங்கி வரிசையாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்க, நேராகப் போகாமல் ஆடிக்கொண்டே போகிறதை ஒதுக்கிவிடுங்க. கிளப்பில் இப்போது எந்த எடையில் ஆடுகிறாள் என்று கோச்சிடம் கேட்டுவிட்டுப் போங்க.

வண்ணை_அம்மா:
சரிங்க. நாளைக்கே கேட்கிறேன்.