புதுப்பிப்பு: ஸ்ப்ளெண்டரா, டிஸ்கவர் 125ஆ?

நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு மனைவியுடன் தினமும் வேலைக்குச் சென்றுவர, பாவித்த ஹீரோ ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிளை வாங்குவதா, பஜாஜ் டிஸ்கவர் 125ஐ வாங்குவதா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இருவராக ஏறி, மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னவரின் ஆலோசனையே முடிவைத் தந்தது. நானுஓயாவைத் தாண்டிய வளைவுகளில், நான்கு கியர் கொண்ட 97.2 சிசி ஸ்ப்ளெண்டரை இரண்டாம் கியரிலேயே ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்து கியர் கொண்ட டிஸ்கவரோ மூன்றாம் கியரில் திணறாமல் ஏறியது. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தே டிஸ்கவரை வாங்கினேன்.

நான் எதிர்பாராதது இறக்கம்தான். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியதால் பின் பிரேக் ஷூ மூன்று மாதத்தில் தேய்ந்து, மிதிக்கும்போது உலோகம் உரசும் சத்தம் கேட்டது. ஷூவை மாற்றிய பின், எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி, ஏறிய அதே கியரிலேயே இறங்குகிறேன். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் காலைக் குளிரில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்து இரண்டு நிமிடம் இயங்கவிட்டே புறப்படுகிறேன்.