பவர் பட்டன் ஸ்ட்ரிப்பை வீட்டிலேயே மாத்தினவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. அம்மாவோட போன்ல பவர் பட்டன் அமுங்குது, ஆனா அந்த 'டிக்' வரவே மாட்டேங்குது. வால்யூம் குறைக்கிற பட்டனும் அதே கதிதான். இப்போதைக்குத் திரையை ரெண்டு தட்டு தட்டினா எழுந்துக்கிற செட்டிங்கைப் போட்டுக் கொடுத்திருக்கேன். ஆனா போன் ஆஃப் ஆயிட்டா சார்ஜர் சொருகினாத்தான் உயிர் வருது. தனியா இருக்கிறவங்க, ராத்திரி அவசரத்துக்குக் கூப்பிட முடியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

கடையில போர்டையே மாத்தணும்ங்கிறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. வெளிய தெரியற பட்டன் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு அடியில ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப்ல (வளையிற மெல்லிசான சர்க்யூட் பட்டை) இருக்கிற குட்டி உலோகக் குமிழ் தேஞ்சு தட்டையானாலே இப்படித்தான் ஆகும். சுத்தம் பண்ற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு வச்சுப் பார்த்தேன், கொஞ்ச நாள் தாங்குச்சு, அவ்ளோதான்.

சென்னை ரிச்சி தெருவுல ஸ்ட்ரிப் கிடைக்குது. பின்மூடியை ஹேர் டிரையர் சூட்டுல இளக்கித் திறந்து, முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டணும், அது வரைக்கும் தெரியும். இந்த மாடல்ல ஸ்ட்ரிப் பேட்டரி ஓரமா ஒட்டியிருக்கு. பேட்டரியைத் தூக்காம அதை உருவ முடியுமா? லித்தியம் பேட்டரி வளைஞ்சா தீப்பிடிக்கலாம், அதனால நெம்ப மனசு வரல. ஸ்ட்ரிப்பைத் தாங்கற உலோகத் தகடு புதுசோட வருமா, பழசையே பிரிச்சு மாட்டணுமா? மூடியை ஒட்ட பி-7000 பசை போதுமா, இல்ல அளவா வெட்டின ஸ்டிக்கர்தான் நல்லதா?

கழட்டும்போது எடுத்த படம் இருந்தா தயவுசெஞ்சு போடுங்க. புது போன் யோசனை வேண்டாம், அம்மாவுக்கு இதுதான் கைப்பழக்கம்.